சார்ஜரில் செல் உட்கார்ந்தால் மட்டும் போதாது

மன்னார்குடிப் பக்கம் டார்ச் லைட், எமர்ஜென்சி லைட், மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் எல்லாம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்து முறை வைத்துப் பாய்ச்ச ஆரம்பித்துவிட்டால், ராத்திரியில் மடை பார்க்கப் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் வெளிச்சம் வேண்டும். அந்தச் சமயத்தில்தான் ஒரு கையில் பேட்டரி செல், இன்னொரு கையில் சார்ஜர் என்று வந்து நிற்பார்கள். "அண்ணே, இது இதுக்கு ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டே செல்லைச் சார்ஜரின் பள்ளத்தில் வைத்தும் காட்டுவார்கள். கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்துவிட்டதே, சேராமலா போகும் என்று நினைக்கிறார்கள். நான் பார்க்கிற வரிசை வேறு. முதலில் வோல்ட், அடுத்தது ஆம்பியர், அளவு கடைசியில்தான். இந்த வரிசை பிடிபட்டால் இதற்காகக் கடைக்கு வர வேண்டியதே இல்லை.

செல்லின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. இதே கணக்கில் 21700, 26650, 14500, 16340 எல்லாவற்றையும் படித்துவிடலாம். எண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று எழுத்து இருக்கும். கவனிக்க வேண்டியது அதைத்தான். ஐசிஆர், ஐஎன்ஆர், ஐஎம்ஆர் என்று இருந்தால் அது 3.6 அல்லது 3.7 வோல்ட் லித்தியம் செல். முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட். ஐஎஃப்ஆர் என்று இருந்தால் அது லித்தியத்திலேயே இரும்பு பாஸ்பேட் வகை, 3.2 வோல்ட் செல், முழுதாக ஏறினால் 3.65 வோல்ட். இரண்டு வகையிலும் 18650 உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறையின் நிறத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது. சோலார் விளக்குகளில் வரும் தடித்த 32700 செல் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட்தான்.

4.2 வோல்ட் சார்ஜரில் இரும்பு பாஸ்பேட் செல்லைப் போட்டால் அளவுக்கு மேல் ஏறி, உள்ளே இருக்கும் திரவம் கெட்டு, செல் உப்பி வீணாகும். மாற்றிப் போட்டால், அதாவது 3.65 வோல்ட் சார்ஜரில் 3.7 வோல்ட் செல்லை வைத்தால், ஆபத்து இல்லை. ஆனால் அரைகுறையாகத்தான் ஏறும். "புது செல்லுதான், ஒரு மணி நேரம்கூட எரியல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தச் சார்ஜர் என்றுதான்.

லித்தியம் சார்ஜர் வேலை செய்யும் விதம் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது மாதிரி. முதலில் மடையை முழுதாகத் திறந்து ஒரே வேகத்தில் விடும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த மட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு, பாய்ச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். மின்னோட்டம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் அடைத்துவிடும். அந்த 4.2 சரியாக இருக்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். பச்சை விளக்கு எரிந்ததும் செல்லை வெளியே எடுத்து, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து உடனே அளந்து பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை காட்டினால் நல்ல சார்ஜர். 4.25-க்கு மேல் காட்டினால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. செல் இல்லாத வெறும் சார்ஜரை அளப்பதை நம்ப முடியாது. சில சார்ஜர்கள் செல்லைப் பார்த்த பிறகுதான் வோல்ட்டே கொடுக்கும். அதுவரை மீட்டர் ஏதேதோ காட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் பழைய டார்ச்சுகள் நிறைய இருக்கின்றன. பின்பக்கம் இரண்டு பின் வெளியே வரும், அப்படியே சுவிட்ச் போர்டில் செருகிவிடலாம். அதற்குள் இருப்பது 4 வோல்ட் ஈய பேட்டரி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் எத்தனையோ ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது தீர்ந்துபோய் அப்படியே கிடந்த ஈய பேட்டரிகள் பல பிறகு பிழைக்கவே இல்லை. ஈய பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் உள்ளே உப்புப் படிந்து செத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு ஒரு 18650 செல்லை ஒட்டவைத்து ஓட்டுகிற பழக்கம் அதன் பிறகு எங்கள் பக்கம் நிறையப் பரவியது. 4 வோல்ட்டுக்கு 3.7 வோல்ட், விளக்கு நன்றாகவே எரியும். ஆபத்து சார்ஜ் போடும்போதுதான். ஈய பேட்டரிக்கான அந்தச் சர்க்யூட் 4.8 வோல்ட்டுக்கும் மேலே தள்ளும். விலை மலிந்த டார்ச்சுகளில் நிறுத்துவதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. விடிய விடிய ஏறிக்கொண்டே இருக்கும். லித்தியம் செல் அதைத் தாங்காது. புகையும், சில சமயம் தீப்பிடிக்கும். கூரை வீட்டில், வைக்கோல் பக்கத்தில் தொங்கவிட்டு இப்படிச் சார்ஜ் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

அப்படி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கடைகளில் டிபி4056 என்ற சின்ன போர்டு கிடைக்கும். செல் பாதுகாப்பு ஐசியும் சேர்ந்த வகையாகக் கேட்டு வாங்குங்கள். செல்லின் இரண்டு முனையை அதில் பற்றவைத்து, போன் சார்ஜர் ஒயரைச் செருகினால் 4.2 வோல்ட்டில் தானாக நின்றுவிடும். டார்ச்சின் பழைய இரண்டு பின்னையும் கட்டாயம் வெட்டி எடுத்துவிட வேண்டும். பல டார்ச்சுகளில் வீட்டு மின்சாரம் ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேராகவே உள்ளே வருகிறது. செருகியிருக்கும்போது உள்ளே எதைத் தொட்டாலும் ஷாக்தான், மீட்டரை வைக்கவும் கூடாது. இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு இந்த போர்டு ஆகாது. அதற்கு 3.6 வோல்ட்டுக்கு மாற்றி அமைக்கக்கூடிய டிபி5000 வகை போர்டு வேண்டும்.

சரி, வோல்ட் பார்த்தாயிற்று. அடுத்தது ஆம்பியர். செல்லின் மேல் இருக்கும் எம்ஏஹெச் எண்ணில், அதாவது செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று காட்டும் எண்ணில், பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு மில்லி ஆம்பியருக்குள் ஏற்றினால் எந்த நல்ல செல்லும் தாங்கும். 2600 செல்லுக்கு 1300, ஆகவே 1 ஆம்பியர் சார்ஜர் வசதியானது. 5000 எம்ஏஹெச் 21700 செல்லும் அதே சார்ஜரில் ஏறும். நேரம்தான் ஐந்தாறு மணி ஆகும். சின்ன செல்களில்தான் தவறு நடக்கிறது. 14500 செல் 800 எம்ஏஹெச் இருந்தால் 400-க்கு மேல் வேண்டாம். 16340 செல் 700 இருந்தால் 350. அதை 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் அளவுக்கு மேல் சுடும். ஆயுள் பாதியில் போய்விடும். குறைந்த ஆம்பியரால் கெடுதல் ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே புதிதாக வாங்குவதாக இருந்தால் 0.25, 0.5, 1 ஆம்பியர் என்று மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பாருங்கள். கூடவே, 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது ஒரு பள்ளத்துக்கா, மொத்தத்துக்கா என்றும் பாருங்கள். நாலு பள்ளம் உள்ள சார்ஜரில் ஒரே ஒரு செல் வைக்கும்போது சிலது முழு ஆம்பியரையும் அதற்கே கொடுத்துவிடும்.

போன் சார்ஜர் விஷயம் வேறு. யூஎஸ்பி ஒயர் செருகும் டார்ச்சில் சார்ஜர் டார்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இருக்கும் அடாப்டர் 5 வோல்ட் கொடுக்கிறது. டார்ச் தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டும் எடுத்துக்கொள்ளும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். டைப்-சி வாய் உள்ள சில டார்ச்சுகள் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் ஏறவே ஏறாது. அடையாளம் காட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டரை, காசு மிச்சம் பிடிக்க, டார்ச் செய்கிறவர்கள் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். டார்ச் கெட்டுவிட்டது என்று எடுத்து வராமல், மறுமுனை பழைய நீள்சதுர யூஎஸ்பி உள்ள ஒயரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

செல்லின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு போர்டு ஒட்டிய 18650 செல் 65-க்குப் பதில் 68, 70 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஸ்பிரிங் முழுதாக நீண்டும் இடம் போதவில்லை என்றால் அடித்துத் திணிக்காதீர்கள். 26650 வைத்தால் பக்கத்துப் பள்ளம் அடைபடும், அது பரவாயில்லை. சின்ன செல் எட்டவில்லை என்று இடையில் நாணயம், காந்தம், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் வைப்பது மட்டும் கூடவே கூடாது. நழுவினால் நேரே ஷார்ட். 18650 செல்லின் உடம்பு முழுக்க மைனஸ் என்பதை நினைவில் வையுங்கள். ஓரத்தில் பள்ளமான வளையம் இருக்கும் பக்கம்தான் ப்ளஸ். உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை போடாமல் சார்ஜரில் வைக்காதீர்கள்.

உருவத்தில் ஏமாற்றும் இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். பென்சில் செல்லும் 14500-ம் ஒரே அளவு, ஒன்று 1.2 அல்லது 1.5 வோல்ட், மற்றது 3.7. சிஆர்123 என்று போட்ட செல் 16340 மாதிரியே இருக்கும். அது ஒருமுறை பயன்படுத்தி எறிவது, சார்ஜ் போடவே கூடாது.

இனி ஸ்பிரேயர். இதில்தான் எங்கள் பக்கம் பணம் அதிகம் வீணாகிறது. மூன்று விதமான பேட்டரி இருக்கிறது, மூன்றையும் 12 வோல்ட் என்றே சொல்வார்கள். பழைய ஈய பேட்டரி, ஏற்றும்போது 14.4 வோல்ட் அளவுக்குப் போகும். 3.7 வோல்ட் செல் மூன்றை வரிசையாகக் கோத்தது முழுதாகும்போது 12.6. இரும்பு பாஸ்பேட் செல் நான்கைக் கோத்தது 14.6. சார்ஜர் பின் மூன்றுக்கும் ஒன்றாகவே இருப்பதால் எதையும் எதிலும் செருகலாம். ஈய பேட்டரியின் சார்ஜரை மூன்று செல் பேட்டரியில் போட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.8 வோல்ட் வரை போகப் பார்க்கும். உள்ளே உள்ள பாதுகாப்பு போர்டு ஒன்றுதான் குறுக்கே நிற்கும். அதுவும் மலிவானதாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 12.6 சார்ஜரை நான்கு செல் பேட்டரியில் போட்டால் ஏறவே ஏறாது. இரண்டு டேங்க் அடிப்பதற்குள் மோட்டார் நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். பேட்டரி மேல் 11.1 என்று இருந்தால் 12.6 சார்ஜர், 12.8 என்று இருந்தால் 14.6 சார்ஜர். சார்ஜர் உடம்பில் அவுட்புட் என்ற இடத்தில் இந்த எண் இருக்கும். சரியான ஜோடி கிடைத்ததும் இரண்டின் மேலும் ஒரே நிறப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் யார் செருகினாலும் மாறாது.

செல் மேல் 9900 எம்ஏஹெச் என்று போட்ட 18650-ஐ நம்பி அதில் பாதி ஆம்பியர் கணக்குப் போடாதீர்கள். நல்ல 18650-ல் வழக்கமாகக் கிடைப்பது 3500 பக்கம்தான். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சரக்கு இல்லை. அப்படிப்பட்டதை 0.5 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உப்புக் காற்றில் சார்ஜரின் தகடு பச்சை பூத்துவிடும். அப்போது ஏற நேரம் இழுக்கும், முழுக்க ஏறாமலே பச்சை விளக்கும் எரிந்துவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தகட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகரம் போட்ட மோட்டார் கொட்டகையில் பகலில் சார்ஜ் போடவும் வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லை ஏற்றக் கூடாது. அந்தத் தகரத்தின் அடியில் மத்தியானம் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அந்தி சாய்ந்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில், சிமென்ட் தரையில் வைத்துப் போடுங்கள்.

நீண்ட நாள் கிடந்த செல்லை எடுத்தால் முதலில் அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் தைரியமாகப் போடலாம். 2-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தால் மிகக் குறைந்த ஆம்பியரில் வைத்து, கூடவே இருந்து தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுட ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு போர்டு உள்ள செல் சுழியம் காட்டினால் போர்டு துண்டித்திருக்கலாம். சில சார்ஜர் அதை எழுப்பிவிடும். போர்டு இல்லாத வெறும் செல் 2-க்குக் கீழே போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாமல், பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.