விடுபட்டுப்போகிறோமோ என்ற பதற்றம் வரும்போது

மற்றவர்கள் நம்மை விட்டுவிட்டு மகிழ்ந்திருக்கிறார்களோ என்ற பதற்றத்தை அளக்க, உளவியலாளர் ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013-இல் 10 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். பிறருடன் நெருக்கம், தன் திறமையில் நிறைவு, தன் விருப்பப்படி நடக்கும் உரிமை ஆகியவற்றைக் குறைவாக உணர்பவர்களிடம் இந்தப் பதற்றம் கூடுதலாக இருந்ததையும் கண்டனர். ஆகவே, மனம் சோர்ந்திருக்கும் இரவில் படுக்கையில் சாய்ந்தபடி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதைத் தவிருங்கள். நமக்கு அழைப்பு வராத ஒரு நிச்சயதார்த்தப் படம் அப்போது கண்ணில் பட்டால், தூக்கம் போய்விடும்.

யாருடைய பதிவுகள் உங்களைத் தொடர்ந்து வாட்டுகின்றனவோ, அவருடைய ஸ்டேட்டஸை அழுத்திப் பிடித்து மியூட் செய்துவிடுங்கள். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது, உறவும் முறியாது. அதோடு நிறுத்தாமல், நெருங்கிய ஒருவரை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பீர்கள், வரட்டுமா?" என்று கேளுங்கள். உண்மையில் குறைந்திருப்பது நெருக்கம் என்பதால், போனை அணைத்து வைப்பதைவிட இதுவே அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் தயங்க வேண்டாம்; இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.