கொழுத்த குட்டிக்குத்தான் முதல் ஆபத்து: துள்ளுமாரியைத் தடுக்கும் வழி

பாலக்கோடு பக்கம் எங்கள் காட்டில் 28 ஆடுகள் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சேலம் கருப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால், ராகி அடித்த மறுநாள் களத்தில் சிந்திக் கிடந்த மணியைத் தின்னட்டும் என்று குட்டிகளை அவிழ்த்துவிட்டேன். விடியற்காலை பட்டியைத் திறந்தால், இரண்டு கிடாக்குட்டிகள் கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து விறைத்துக் கிடந்தன. மூன்றாவது என் கண்ணெதிரே ஒரு துள்ளுத் துள்ளி விழுந்தது. காலை உதைத்துக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மூன்றும் பட்டியிலேயே நன்றாகக் கொழுத்தவை. மெலிந்த குட்டி ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து, முதலில் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம்தான் அறுத்தார். சிறுநீரகம் விரல் பட்டதும் களி மாதிரி குழைந்தது. "துள்ளுமாரிம்மா, ஊசி போட்டீங்களா?" என்றார். போடவில்லை.

துள்ளுமாரியை உண்டாக்கும் கிருமி வெளியிலிருந்து புதிதாக வருவது இல்லை. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று பெயர். ஆட்டின் குடலிலேயே கொஞ்சமாக இருக்கும், மண்ணிலும் இருக்கும். தானியமோ, மழைக்குப் பிறகு முளைத்த இளம்புல்லோ திடீரென்று வயிறு முட்டப் போனால், செரிக்காத மாவு சிறுகுடலுக்கு இறங்குகிறது. கிருமி அதைத் தின்று பெருகி விஷத்தைக் கக்குகிறது. விஷம் மூளையைத் தாக்கிவிட்டால் மருந்து கொடுக்க நேரமே இருக்காது. அதனால்தான் நன்றாகத் தின்னும் குட்டி முதலில் போகிறது.

அதனால் ஊசிதான் முதல் வேலை. மழைக் காலம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குட்டிக்கு மூன்று, நான்கு மாதத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் முதல் ஊசிக்குப் பலம் நிற்காது. பிறகு வருடா வருடம். வெள்ளாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லி எங்கள் மருத்துவர் சொன்னார், அப்படியே செய்கிறேன். சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்து வாருங்கள், ஆனால் உறையவிடாதீர்கள். போடும் முன் நன்றாகக் குலுக்குங்கள். அளவு புட்டியில் இருக்கும்.

தீனியை மாற்றுவதாக இருந்தால் பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. மழை பெய்த மறுவாரம் காலையில் வெறும் வயிற்றோடு பச்சைக்கு ஓட்டாதீர்கள். நான் முதலில் சோளத்தட்டும் கடலைக்கொடியும் போடுவேன். வயிறு பாதி நிறைந்த பிறகுதான் மேய்ச்சல். அறுவடைக் களத்தைக் கூட்டி அள்ளாமல் குட்டியை விடவே மாட்டேன்.

மாடு வைத்திருப்பவர்கள் சப்பை நோயையும் மறக்க வேண்டாம். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் திடமாக இருக்கும் கன்றுக்குத் தொடையிலோ தோளிலோ வீக்கம் வரும். அழுத்தினால் உள்ளே காற்று அடைத்த மாதிரி நறநறக்கும். அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதற்கும் மழைக்கு முன்பே தடுப்பூசி இருக்கிறது.

திடீரென்று செத்த ஆட்டை, மாட்டை நீங்களே அறுக்காதீர்கள். அடைப்பானாக இருந்தால் அறுத்தவருக்கே உயிர் ஆபத்து. எங்கள் ஊரிலும் செத்த ஆட்டுக் கறியைப் பங்கு போடும் வழக்கம் இருந்தது. நான் அன்றைக்கு மூன்றையும் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். பணம் போனது வலித்தது. ஆனால் அந்தக் கறியை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

நல்ல கறியிலும் அந்த குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் கிருமிக்கு வழி உண்டு. கொதித்தாலும், விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் அதன் வித்து சாகாது. திருவிழாவுக்கு அண்டாவில் வைத்த குழம்பை இரவெல்லாம் அடுப்படியிலேயே விட்டால், மெதுவாக ஆறும்போது பெருகிவிடும். மறுநாள் வயிற்று வலியும் பேதியும்தான். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக நம் உடம்பு. பட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்துவதும் அரிவாள் படுவதும் தினப்படி. சாணத்திலும் மண்ணிலும்தான் இரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமி இருக்கிறது. காயத்தின் மேல் சாணமோ மண்ணோ அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இரண ஜன்னிக்குக் கடைசி ஊசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். அழுக்குக் காயமாக இருந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். காயம் ஆறின பிறகும் தாடை இறுகி வாய் திறக்க முடியவில்லை என்றால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குட்டிக்கு விதை அடிக்கும்போதும், தொப்புள் கொடி அறுக்கும்போதும் இதே கவனம்: சுத்தமான பிளேடு, அயோடின்.