வீட்டுக்குள் காற்றைத் தூய்மையாக வைத்திருப்பது எப்படி?

தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை நுண்துகள்களாக நுரையீரலுக்குள் செல்வதால், அடுப்பைப் பற்றவைக்கும்போதே புகைபோக்கி விசிறியை இயக்கி, சன்னலையும் திறந்து வைத்து, சமையல் முடிந்த பின்னும் 10 நிமிடம் விசிறியை ஓடவிட வேண்டும். மூடிய அறையில் இரவு முழுவதும் கொசுவர்த்திச் சுருள் எரிப்பதைவிடச் சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதே மேல். சாம்பிராணியையும் கதவைத் திறந்து வைத்தே போடுங்கள், மணமானாலும் அது புகைதான்.

மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படர்ந்தால் அதன்மேல் வண்ணம் பூசி மறைப்பதில் பயனில்லை. முதலில் நீர்க்கசிவை அடைத்து, அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால், ஆஸ்துமாவைத் தூண்டும் தூசிப்பூச்சிகள் மடியும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.