மூளைக்குப் பயிற்சி, காதுக்கு அலட்சியம்: வயதாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறதி வந்துவிடுமோ என்ற பயம் ஐம்பதைத் தாண்டியதும் பலருக்கு எட்டிப் பார்க்கும். உடனே குறுக்கெழுத்து, சுடோகு, மூளைப் பயிற்சிச் செயலி என்று ஆரம்பிப்பார்கள். தப்பில்லை. ஆனால் தினமும் சுடோகு போட்டால் சுடோகுவில்தான் கை தேறும். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது அதனால் பெரிதாகக் குறையாது. பழகிப்போன புதிரை மூளை மெனக்கெடாமலே முடித்துவிடும். திணற வைக்கிற புது வேலைதான் பயன் தரும்: ஒரு வாத்தியம், தெரியாத மொழி, இதுவரை தொடாத கைவேலை. திணறல் போய்விட்டதா, அடுத்த கட்டத்துக்கு நகருங்கள்.

இதைவிடப் பெரிய தவறுகள் மூளைக்கு வெளியே நடக்கின்றன. நினைவும் அறிவுத்திறனும் தேய்ந்துபோகும் டிமென்ஷியா பற்றி, ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. அந்தப் பட்டியலில் அதிகப் பங்கு காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லுக்கும்.

காதைத்தான் நாம் அதிகம் தள்ளிப்போடுகிறோம். டிவி சத்தம் கூடிக்கொண்டே போகும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், நாலு பேர் கூடினால் ஒதுங்கி உட்காருவார். வீட்டில் இதை மறதி என்று நினைப்பார்கள். அரைகுறையாகக் காதில் விழுவதைப் புரிந்துகொள்ளவே மூளை உழைப்பதால், கேட்டதைப் பதிய வைக்க மிச்சம் குறைவாகவே இருக்கும். பேச்சும் பழக்கமும் குறைவது அதற்கு மேல் ஓர் இழப்பு. 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், காது மெஷின் பொருத்தியவர்கள் எல்லோரையும் சேர்த்து, பொருத்தாதவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினருக்கு மூன்று ஆண்டுகளில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது.

மெஷின் வாங்கியும் அலமாரியில் வைத்துவிடுவது அடுத்த தவறு. முதல் நாளே சந்தடியான இடத்தில் போட்டால் பாத்திரம் உரசும் சத்தம்கூடத் தலைவலியாகிவிடும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு பேசியபடி, தினம் ஓரிரு மணி நேரம் போடுங்கள். சில வாரங்களில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். இரைச்சல் தொந்தரவு நீடித்தால் பொருத்தியவரிடமே போய் அளவைத் திருத்தச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. உடம்பில் எதுவும் தெரியவில்லை என்று மாத்திரையை நிறுத்துவார்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கட்டுப்படாமல் விட்ட அழுத்தம் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். விளைவு இருபது வருடம் கழித்துத் தெரியலாம். அளப்பதிலும் அவசரம். காபி, புகை, நடை முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில், இதய மட்டத்தில் கட்ட வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

நினைவாற்றல் மாத்திரைக்குச் செலவழிப்பதை என்ன சொல்ல! ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை 120 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, 3,000க்கு மேற்பட்ட முதியவர்களில் சோதித்த ஆய்வு 2008இல் வந்தது. டிமென்ஷியா குறையவில்லை.

அதே வீட்டின் மருந்துப் பெட்டியில் மறதியை உண்டாக்கும் மாத்திரை இருக்கக்கூடும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்காகப் பலர் தாமாகவே வாங்கும் டைபென்ஹைட்ரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. வயதானவருக்கு இதனால் குழப்பமே வரலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும். அதுவும் மறதியாக வெளிப்படும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, உலாத்துவதையே உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரம் 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. 2011இல் வந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் ஒரு வருடத்தில் சுமார் 2 சதவீதம் பெரிதானது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

தூக்கத்தில் பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறல், பகலில் கண்ணைச் சுழற்றும் களைப்பு இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்க மாத்திரை இதற்கு மருந்தல்ல.

கடைசியாக, எல்லா மறதியையும் ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளுவது. பெயர் தாமதமாக நினைவுக்கு வருவது சகஜம். பழகிய வழி தெரியாமல் போவதும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதும், பணக் கணக்கில் தடுமாறுவதும் பரிசோதிக்க வேண்டியவை. தைராய்டு, பி12, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் தொற்றோ நீரிழப்போ இருக்கலாம். தலையில் அடிபட்டவருக்கு, சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். இந்த இரண்டிலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.