டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது என்று நம்பி மலை ஏறாதீர்கள்

வேனுக்குள் கட்டில், அடுப்பு, பேட்டரி எல்லாம் ஏற்றி கேம்பராக மாற்றிய பிறகு அது பழைய வண்டி இல்லை. தண்ணீர் டேங்கில் 100 லிட்டர் நிரப்பினால் அதுவே 100 கிலோ. ஆனால் ரேடியேட்டர் அதே ரேடியேட்டர்தான். கத்திரி வெயிலில் பூந்தமல்லி நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்துவிட்டு, அப்படியே போய் ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஏறச் சொன்னால் அது என்ன செய்யும்?

எனக்கு நடந்தது இதுதான். ஏலகிரி ஏறும்போது பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணா, எங்கயோ வெல்லப்பாகு காய்ச்சுற வாசனை வருது" என்றான். டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன், நடுவில் நின்றது, அடுத்த வளைவில் மளமளவென்று கீழே இறங்கியது, சரி, சூடு குறைகிறது என்று நினைத்து இன்னும் ஒரு வளைவு ஏறிவிட்டேன். உண்மையில் ரேடியேட்டரின் கீழ் ஓஸின் கிளிப் தளர்ந்து, இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலண்ட் மொத்தமும் ரோட்டில் போயிருந்தது. சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும், காலியான இடத்தில் நின்றால் அது சொல்வது பொய். இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல், அதாவது ஹெட் கேஸ்கட், போய்விட்டது. அந்த இனிப்பு வாடைதான் கூலண்ட் கசிவின் வாடை என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அதனால் முதலில் கூலண்ட் லெவல், அப்புறம்தான் சூடு. கூலண்டின் ரிசர்வ் டேங்கைப் பார்த்து திருப்திப்படாதீர்கள். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருக்கிற வண்டிகளில் மூடியின் வால்வு கெட்டாலோ இரண்டையும் இணைக்கிற சின்ன டியூபில் விரிசல் விட்டாலோ, டேங்கில் நிறைய இருக்கும், ரேடியேட்டரோ காலியாக இருக்கும். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள். அதோடு லெவல் குறைந்தால் சத்தம் போடுகிற சென்சார் ஒன்று மாட்டிவிடுங்கள், இது என் கட்டாயமான வேண்டுகோள்.

சூட்டை எண்ணில் பாருங்கள். பல வண்டிகளில் முள் சின்னச் சின்ன ஏற்றத்துக்கு அசையாது, அது அசையும்போது நேரம் கடந்திருக்கும். ஓபிடி (வண்டியின் கம்ப்யூட்டர் விவரங்களைப் படிக்கிற சாக்கெட்) இருக்கிற வண்டி என்றால் ஒரு புளூடூத் ரீடர் போதும், போனிலேயே தெரியும். பழைய டீசல் என்றால் தனி மீட்டர் மாட்ட வேண்டும். சூடு ஏறியதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும், ஹைவேயில் சூடு அதை ஒட்டியே நிற்கும். உங்கள் வண்டியின் வழக்கமான எண் எது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். ஏற்றத்தில் 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்துங்கள், கியரைக் குறையுங்கள், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கூடினால் கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து விடுங்கள், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், உள்ளே வேகும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ லெவல் அலாரம் அடித்தாலோ அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். மூடியைத் தொடாதீர்கள், துணி சுற்றித் திறந்தாலும் கொதிக்கிற கூலண்ட் முகத்தில் அடிக்கும். மேல் ஓஸ் கைக்கு ஆறி, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் வரை காத்திருங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

"சென்னையில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். துரு பிடிக்காமல் இருக்கவும் கொதிநிலையை ஏற்றவும்தான். பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, 1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடியும் போட்டால் ஏறத்தாழ 125 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும், அதனால் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் பழைய வண்டி உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் பழசாக வாங்காதீர்கள். நம்ம ஊர் போர் தண்ணியை ஒரு சொம்பு கூட ஊற்றக் கூடாது, குடத்தில் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் டியூபுக்குள்ளும் படியும். கலரை வைத்து கூலண்ட் வாங்குவதும் தப்பு, வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கிற வகைதான் கணக்கு.

ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சியும் தூசியும் அடைந்திருக்கும், உள்பக்கத்திலிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிரஷர் பம்ப் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். கிரில்லுக்கு முன்னால் ஸ்டெப்னி கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், காற்று போகிற வழியே அதுதான்.

பழைய கூலண்டை வடிக்கும்போது தட்டு வைத்துப் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய்கள் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே அவற்றின் கிட்னி போய்விடும்.