ஜனாதிபதித் தேர்தலை இடதுசாரிப் பார்வையில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் புதிய கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எழுதுபவர்களில் பலர் இளைஞர்கள், உழைக்கும் மக்களின் பக்கம் நின்று எழுத விரும்புகிறவர்கள். 1994 இலும் 2005 இலும் 2015 இலும் இடதுசாரி எழுத்து விட்ட அதே பிழைகள் இவற்றிலும் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகின்றன. பெயர்ப்பிழை, தேதிப்பிழைகளை ஆசிரியர் திருத்திவிடுவார். வாதத்தையே கவிழ்க்கும் பிழைகளை எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

55.89 வீதம் என்று எழுதி நிறுத்துவது

இலங்கையில் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு கிடையாது. ஒரே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என மூன்று விருப்புகள் வரை இடலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் எடுத்து, 2 ஆம் விருப்பு எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் 3 ஆம் விருப்பைப் பார்ப்பார்கள். அதுவும் இல்லாத சீட்டு கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

1982 முதல் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இந்த எண்ணிக்கை தேவைப்பட்டது 2024 இல்தான். முதல் எண்ணிக்கையில், தேசிய மக்கள் சக்தி சார்பில் நின்று வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915 வாக்குகள், அதாவது 42.31 வீதம். இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. மற்றவர்களுக்குப் போன சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குக் கிடைத்த விருப்பு வாக்குகள் 1,05,264, சஜித்துக்குக் கிடைத்தவை 1,67,867. மிச்சம் 30 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில் இந்த இருவரில் எவருக்கும் விருப்பு இல்லை. அநுரவின் இறுதி வீதமாக எழுதப்படும் 55.89 அந்தச் சீட்டுகளைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. செல்லுபடியான எல்லா வாக்குகளையும் வைத்தால் இறுதித் தொகை 43 வீதம்தான். வாக்காளர் இடாப்பில் பதிந்த 1,71,40,354 பேரை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு.

வெற்றியைக் குறைத்துச் சொல்ல அல்ல இந்தக் கணக்கு. 2019 இல் 3.16 வீதம் எடுத்த வேட்பாளர் 5 ஆண்டில் இவ்வளவு தூரம் வந்தது பெரிய பாய்ச்சல்தான். ஆனால் “நாட்டின் பெரும்பான்மை இடதுசாரியைத் தேர்ந்தது” என்று எழுதினால் அடுத்த தேர்தலில் அந்த வசனத்தை வைத்தே உங்களை மடக்குவார்கள். எந்த வீதத்தை எழுதினாலும் எதன் வீதம் என்பதையும் அதே வசனத்தில் எழுதுங்கள்.

வடக்கு, கிழக்கு வாக்கை ‘இனவாதம்’ என்பது

மற்ற எல்லாப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. முடிவு வெளியானதும் மாவட்டங்களுக்கு நிறமடித்த வரைபடம் எங்கும் பரவியது: தெற்கில் ஒரு நிறம், வடக்கிலும் கிழக்கிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் இன்னொரு நிறம். அதன் கீழே “தமிழ் மக்கள் இன்னும் வர்க்கமாகச் சிந்திக்கப் பழகவில்லை” என்ற பொருளில் இடதுசாரிகள் என்று தங்களை அழைத்துக்கொள்பவர்களே எழுதினார்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்தின் எண்களைப் பாருங்கள். சஜித் 1,21,177. தமிழ்ப் பொதுவேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 1,16,688. அப்போதைய ஜனாதிபதி ரணில் 84,558. அநுர 27,086. சிங்கள வேட்பாளர்கள் மூவருக்கும் சேர்த்து 2,32,821 வாக்குகள், தமிழ் வேட்பாளருக்குப் போனதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதை எந்தக் கணக்கில் இனவாதம் என்பது? வரைபடத்தில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிறம்தான். முதலிடம் யாருக்கு என்பதை மட்டும் அது காட்டும், பிளவைக் காட்டாது. நிறத்தைப் பார்த்து எழுதினால் வாதம் இப்படித்தான் கவிழும்.

காரணத்துக்கு வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2010 தேர்தலில், போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே யாழ்ப்பாணம் கூடுதலாக வாக்களித்தது. 2019 இல் சஜித்துக்கு அங்கே கிடைத்தது 80 வீதத்துக்கும் மேல். யார் வரக்கூடாது என்று பார்த்துப் போட்ட வாக்குகள் இவை. இன்னொரு பக்கம், இடதுசாரிகள் மேல் அங்குள்ள அவநம்பிக்கைக்கும் தேதிகள் உண்டு. 1956 இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி 1964 இல் பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தது. பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த 1972 அரசியலமைப்பை முன்னின்று வரைந்த அமைச்சர் அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அநுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி 2005 இல் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. அது தொடுத்த வழக்கில்தான் 2006 இல் உயர் நீதிமன்றம் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை ரத்துச் செய்தது. இந்த நான்கையும் எழுதாமல் “ஏன் வாக்களிக்கவில்லை” என்று கேட்கும் கட்டுரையைப் பருத்தித்துறையில் இருப்பவர் முதல் பந்தியோடு மூடிவிடுவார். அவர் மூடுவது நியாயம்.

இதன் மறுபக்கப் பிழை நவம்பரில் வந்தது. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் 6 ஆசனங்களில் 3 ஐ எடுத்தது. உடனே “தமிழ்த் தேசியம் முடிந்தது” என்று அதே கைகள் எழுதின. எடுத்த வாக்கு 80,830, வீதம் 24.85. செப்டம்பரோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு, உண்மையான நகர்வு. ஆனால் நான்கில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம் கிடைத்ததற்குக் காரணம் வேறு: தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாக்கைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டன, 5 வீதத்துக்குக் கீழே போனவர்கள் கணக்கிலிருந்து விழுந்தார்கள், முதலிடம் பிடித்த கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனமும் உண்டு. அதே நாளில் மட்டக்களப்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி முதலிடம் பிடித்தது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு, கிழக்கில் அக்கட்சி பல சபைகளில் மீண்டும் முன்னுக்கு வந்தது.

எழுதும் முறை இதுதான்: ஒரு மாவட்டத்தை எடுத்தால் குறைந்தது மூன்று தேர்தல்களின் வாக்குத் தொகைகளை அடுக்குங்கள். தொகைகளை முதலிலும் வீதங்களைப் பிறகும் ஆசனங்களைக் கடைசியிலும் பாருங்கள். அதன்பிறகு காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவற்றில் வேட்பாளர் என்ன சொன்னார் என்று தேடி எழுதுங்கள். வர்க்கப் பார்வை இந்தக் கேள்விகளுக்கு வெளியே நிற்கும் ஒன்றல்ல. இராணுவத்தின் பிடியில் இருந்த மயிலிட்டியின் மீனவருக்குக் கரைக்குப் போக வழி இல்லாதிருந்தது வயிற்றுப் பிரச்சினையும்தான்.

‘தோழர்’

கட்டுரையில் வேண்டாம். பெயரை எழுதுங்கள்.

சர்வதேச நாணய நிதியத்தை ஒரே சொல்லாக வைத்துத் திட்டுவது

எந்த நிபந்தனை என்று சொல்லுங்கள். 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட திட்டம் 48 மாதங்களுக்கு, ஏறத்தாழ 300 கோடி டொலர். வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்க்கும் முதன்மை மிகை 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதமாக இருக்க வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 இல் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. நாட்கூலிக்காரரையும் கப்பல் வைத்திருப்பவரையும் ஒரே தராசில் வைப்பது மறைமுக வரி. விமர்சனத்தை அங்கே வையுங்கள். பிரசாரத்தில் நிபந்தனைகளை மாற்றப் பேசுவோம் என்ற தேசிய மக்கள் சக்தி அரசமைத்தபின் அதே இலக்குகளோடு தொடர்ந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம்முடைய ஆட்கள் என்று விட்டுவிட்டால் ரணில் மேல் வைத்த விமர்சனத்துக்கும் மதிப்பில்லை.

கூட்டத்தின் படம்

சான்று அல்ல. போடாதீர்கள்.

மேடையில் சொன்ன சம்பளத்தை எழுதுவது

2024 மே தினத்தையொட்டித் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். செப்டம்பரில், தேர்தலுக்குச் சற்று முன், அடிப்படையாக நின்றது 1,350. மேடையில் சொன்ன தொகையை எழுதும் முன் வர்த்தமானியை எடுத்து, அடிப்படை எவ்வளவு, ஊக்குவிப்பு எவ்வளவு, ஒரு நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து கேட்கிறார்கள் என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

‘முதலாளிகளின் பணம்’ என்று சும்மா எழுதுவது

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கிறது. அதன்படி 2024 இல் உச்சவரம்பு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. இடாப்பில் உள்ளவர்களால் பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல் வரும். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். சுவரொட்டி, தொலைக்காட்சி விளம்பரம் என்று கண்ணால் கண்டதை எண்ணி, கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டு எழுதுங்கள். எவ்வளவு கொட்டினார்கள் என்று கேட்கும்போது, 186 கோடியை அனுமதிக்கும் உச்சவரம்பு யாருக்கு உச்சவரம்பு என்பதையும் கேளுங்கள். ஒரு தொழிற்சங்கம் நிறுத்தும் வேட்பாளர் அதன் நூறில் ஒரு பங்கைத் திரட்டவே படாத பாடு படுவார்.