ஊருக்குப் போகிறீர்களா? நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்

பெட்டியில் என்ன வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு இருப்பது கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியா. 1918-இல் அந்தப் பெயருடைய சுவிஸ் குழந்தை மருத்துவர் விவரித்த பரம்பரை நோய். இதில் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் புரதம் இல்லாமல் இருக்கும், அல்லது வேலை செய்யாது. வழக்கமான பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். வெளிநாட்டில் பல் பிடுங்கி இரண்டு நாள் ரத்தம் நிற்காமல் போன பிறகுதான், முப்பத்திரண்டு வயதில், எனக்கே தெரிந்தது.

இந்த முறை ஊரில் படி தவறி விழுந்து கணுக்கால் வீங்கியது. மருத்துவமனைக்குப் பெரியம்மா கூட வந்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு: "அந்த வியாதிப் பேரை அங்க சொல்லாதே. ஊர் முழுக்கப் பரவிடும்." சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் அவர். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத நான் வந்ததும் வராததுமாக எதிர்த்துப் பேசுவதா? டாக்டரிடம் "எனக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது" என்று மட்டும் சொன்னேன். தட்டணு எண்ணிக்கை பார்த்தார்கள். 2,60,000. "நார்மலாத்தானே இருக்கு" என்று இடுப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குத் தசையில் போடும் ஊசியே ஆகாது, உள்ளே ரத்தம் கட்டிவிடும். அந்த வகை வலி மருந்தோ தட்டணுக்களை இன்னும் முடக்கும். மறுநாள் இடுப்பிலிருந்து தொடை வரை கறுத்து, கல்லாக இறுகிவிட்டது. புரண்டு படுக்க முடியவில்லை. வேறொரு மருத்துவமனையில் ரத்தம் நிற்க உதவும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தும் போதாமல் தட்டணு ஏற்றினார்கள். தட்டணுக்களைச் சேமித்து வைப்பது பெரும்பாலும் ஐந்து நாள்தான், கேட்டவுடன் கிடைத்துவிடாது. கொடையாளர் தேடி என் தங்கை இரவெல்லாம் போன் செய்தாள்.

அதனால், நோயின் முழுப் பெயர், ரத்த வகை, தசை ஊசி கூடாது, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது என்று உங்கள் ரத்தவியல் மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆனால் அட்டையில் கலவையைப் படியுங்கள், சில மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு வேறு வலி மருந்தும் சேர்ந்திருக்கும். அடிக்கடி தட்டணு ஏற்றினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம். முன்பே அப்படி ஆகியிருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றிய தட்டணு பயன்படாமல் போகலாம், ரத்தம் உறைய உதவும் ஏழாம் காரணி மருந்து தேவைப்படலாம். ரத்தவியல் பிரிவும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று போகும் முன்பே விசாரியுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் படுத்திருந்த இரவு, தனக்கு மாதவிடாய் பத்துப் பன்னிரண்டு நாள் நீள்வதைத் தங்கை சொன்னாள். வயதுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தானாம், இரும்புச்சத்து மாத்திரையில் ஓடுகிறதாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால் வரும் நோய் இது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. உடன்பிறந்தவர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள் என்று எனக்கு டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. பெரியம்மா போனில் வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த அன்றே உடன்பிறந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல் தட்டணு ஒட்டும் திறனைப் பார்க்கும் அக்ரிகேஷன் பரிசோதனை, அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இரண்டையும் கேளுங்கள். அக்ரிகேஷனுக்கு எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும், ஆகவே ஆய்வகத்துக்கே நேரில் போவது நல்லது. தங்கைக்கு வரும் திங்கட்கிழமை அந்தப் பரிசோதனை. என் பயணச்சீட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.